கணினிக்கும் மோட்டாருக்கும் நடுவே: சிஎன்சி இடைமுகப் பலகை

கணினியால் இயங்கும் சிஎன்சி எந்திரத்தில் கணக்கு ஓரிடத்திலும் வெட்டு வேறோரிடத்திலும் நடக்கின்றன. கணக்குப் போடும் கணினியின் வெளியீடு 5 வோல்ட்டுக்கும் சில மில்லி ஆம்பியருக்கும் உள்ளே அடங்கிவிடும். வெட்டும் பக்கத்தில் மோட்டார்களுக்கு 24 முதல் 48 வோல்ட் வரையும், கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கு 230 வோல்ட்டும் ஓடுகின்றன. இரண்டையும் நேராக இணைத்தால் மோட்டார் பக்கத்தில் ஏற்படும் ஒரு கோளாறு கணினியையே பதம் பார்த்துவிடும். அதைத் தடுக்க நடுவில் வைக்கப்படுவதுதான் இடைமுகப் பலகை. பட்டறைகளில் இதற்குப் பெயர் பிரேக்அவுட் போர்டு.

பலகையின் வேலைகள் மூன்று. கணினியின் குறிகளை வலுப்படுத்தி ஒவ்வொன்றையும் ஒரு திருகு முனையில் கொண்டுவந்து நிறுத்துவது முதல் வேலை. இரு பக்க மின்சாரமும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைப்பது இரண்டாவது. கணினி செயலிழந்தால் எந்திரத்தை நிற்கவைப்பது மூன்றாவது. ஆனால், எந்த ஒயர் எதற்காக என்பது பலகைக்குத் தெரியாது. அதை மென்பொருளில் செய்யும் அமைப்புதான் சொல்கிறது. ஒயரிங் ஒன்று சொல்லி அமைப்பு வேறொன்று சொன்னால், பலகையும் மோட்டாரும் நன்றாக இருந்தும் எந்திரம் தவறாக ஓடும்.

பிரிண்டருக்காகப் பிறந்த வாசல்

எண்களால் இயங்கும் முதல் மில்லிங் எந்திரம் 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. துளையிட்ட நாடாவும் வெற்றிடக் குழாய்களும் கொண்ட அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரியது, விலையும் அதிகம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் பிரிண்டருக்கென ஒரு பேரலல் போர்ட் பொருத்த முடிந்தது. பிற்காலத்தில் சிறு பட்டறைகளுக்கும் வீட்டுப் பட்டறைகளுக்கும் சிஎன்சி எட்டியதற்கு அந்த வாசல் பெரிதும் உதவியது.

இந்தப் போர்ட்டில் 25 பின்கள் உண்டு. 2 முதல் 9 வரையுள்ள எட்டும், 1, 14, 16, 17 ஆகிய நான்கும் வெளியீடுகள். 10, 11, 12, 13, 15 ஆகிய ஐந்தும் உள்ளீடுகள். 18 முதல் 25 வரை கிரவுண்ட். மொத்தத்தில் 12 வெளியீடு, 5 உள்ளீடு. பின் ஒவ்வொன்றையும் மென்பொருள் தனித்தனியாக ஏற்றி இறக்க முடியும் என்பதே இதன் சிறப்பு. கணினியின் யுஎஸ்பி வாசலில் செருகும் பிரிண்டர் கேபிள்கள் இந்த வேலைக்கு உதவா; அவை பிரிண்டருக்கான தரவை மட்டுமே அனுப்பும், பின்களை நேராக ஆட்டவிடா.

மோட்டாரை நகர்த்தும் துடிப்புகளை உரிய நேரத்தில் அனுப்புவது கணினியின் பொறுப்பு. லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டற்ற மென்பொருள் இதற்காக உடனுக்குடன் இயங்கும் லினக்ஸ் கருவைப் பயன்படுத்துகிறது. விண்டோஸில் ஓடும் மாக் 3 தனக்கென ஒரு டிரைவர் நிரலை வைத்துக்கொள்கிறது. பேரலல் போர்ட் அருகிவிட்டதால், ஈத்தர்நெட் அல்லது யுஎஸ்பி வழியே கட்டளையைப் பெற்றுத் துடிப்புகளைத் தானே உருவாக்கும் பலகைகள் பரவியுள்ளன. அர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் போன்ற நிரல்கள் கணக்கையும் துடிப்பையும் ஒரே சில்லில் முடித்துவிடுகின்றன. வகை எதுவானாலும் ஒயரிங்கின் அடிப்படை ஒன்றே. பேரலல் போர்ட்டில் செருகும் ஐந்து அச்சுப் பலகையில் அது தெளிவாகத் தெரியும்.

பலகையின் உள்ளே

கணினியிலிருந்து வரும் குறி முதலில் அதை வலுப்படுத்தும் ஒரு பஃபர் சில்லுக்குள் போகிறது. இங்கே சில்லின் வகையைக் கவனிக்க வேண்டும். பழைய போர்ட்டுகள் 5 வோல்ட் தந்தன. பிற்கால மதர்போர்டுகளிலும் கார்டுகளிலும் பல 3.3 வோல்ட்தான் தருகின்றன. 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி வகைச் சில்லு ஒரு குறியை ‘மேல்’ என்று ஏற்க ஏறத்தாழ 3.5 வோல்ட் வேண்டும். 74எச்சிடி வகைக்கு 2 வோல்ட் போதும். சில பலகைகள் ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது ஆப்டோகப்ளர். இதன் ஒரு பக்கத்தில் எல்இடி, மறுபக்கத்தில் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். குறி ஒளியாகக் கடக்கிறது, மின்சாரம் கடப்பதில்லை. பிசி817 என்ற மலிவான ஆப்டோகப்ளர் மாறி முடிக்கச் சில மைக்ரோ நொடி முதல் பல மைக்ரோ நொடி வரை ஆகும். மேசை எல்லையைத் தொட்டதை உணர்த்தும் லிமிட் சுவிட்சுக்கு அது தாராளம். வேகமான மோட்டார் துடிப்புகளுக்கு நொடிக்கு 1 கோடி பிட் வரை கடத்தும் 6என்137 போன்றவை ஏற்றவை.

தனிமைப்படுத்துதல் பலகையில் இருந்தால் மட்டும் போதாது, ஒயரிங்கிலும் இருக்க வேண்டும். கணினிப் பக்கத்துக்கு 5 வோல்ட் யுஎஸ்பி வழியே வரும். எந்திரப் பக்கத்துக்கு 12 அல்லது 24 வோல்ட் தனி பவர் சப்ளையிலிருந்து வரும். ஒரே ஒரு ஒயரை மிச்சப்படுத்த இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிட்டால் ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை.

மோட்டார் பக்கம்

ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு குறிகள் வேண்டும். ஒன்று துடிப்பு: வரும்போதெல்லாம் மோட்டார் ஓர் அடி (ஸ்டெப்) நகரும். மற்றொன்று திசை. எக்ஸ் அச்சுக்கு 2, 3. ஒய் அச்சுக்கு 4, 5. இசட் அச்சுக்கு 6, 7 என்று பின்களை ஒதுக்குவது பரவலான வழக்கம். மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் என்ற கருவியை உயிர்ப்பிக்கும் எனேபிள் குறிக்கு இன்னொரு பின் போகும்.

டிரைவரின் ஒவ்வோர் உள்ளீட்டிலும் நேர், எதிர் என இரு முனைகள். நேர் முனைகளை எல்லாம் 5 வோல்ட்டில் சேர்த்து, எதிர் முனைகளைப் பலகைக்குக் கொண்டுபோவது ஒரு முறை. எதிர் முனைகளை கிரவுண்டில் சேர்த்து, நேர் முனைகளைப் பலகைக்குக் கொண்டுபோவது இன்னொன்று. முதல் முறையில் பலகையின் வெளியீடு கீழே இறங்கும்போதுதான் டிரைவர் துடிப்பை உணரும். இரண்டாவதில் மேலே ஏறும்போது. எந்த முறையில் ஒயர் போட்டாலும் அதற்கேற்ற குறிமுகத்தை (மேலா, கீழா என்பதை) மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைகீழாக இருந்தாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால், திசை மாறிய பிறகு துடிப்பு வரச் சில மைக்ரோ நொடி இடைவெளி வேண்டும் என்ற டிரைவரின் நிபந்தனை மீறப்பட்டு, திசை திரும்பும்போது ஓர் அடி தவறலாம். மணிக்கணக்கில் ஓடும் வேலையில் அது சேர்ந்து வெட்டு கண்ணுக்குத் தெரிய விலகிவிடும்.

24 வோல்ட் குறி தரும் கன்ட்ரோலரை 5 வோல்ட் டிரைவருடன் இணைத்தால் இடையில் மின்தடை வேண்டும். பல டிரைவர்களின் கையேடுகள் 2 கிலோ ஓம் என்கின்றன. மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரை டிரைவரிலிருந்து கழற்றக் கூடாது. கம்பிச்சுருளில் எழும் மின்னழுத்தத் தாவல் டிரைவரைக் கெடுத்துவிடும்.

உள்ளீடுகளும் அவசர நிறுத்தமும்

ஐந்து உள்ளீடுகளில் அவசர நிறுத்தம், லிமிட் சுவிட்சுகள், கத்தியின் உயரம் அளக்கும் புரோப் ஆகியவை இடம்பெற வேண்டும். அதனால் ஒரு அச்சின் இரு முனைச் சுவிட்சுகளையோ எல்லாச் சுவிட்சுகளையுமோ தொடராக இணைத்து ஒரே பின்னில் முடிப்பது உண்டு. இதற்கு, இயல்பில் மூடியிருந்து தொட்டால் திறக்கும் சுவிட்சுகளே ஏற்றவை. ஒயர் அறுந்தாலும் திருகு தளர்ந்தாலும் சுற்று திறந்து எந்திரம் நின்றுவிடும். இயல்பில் திறந்திருக்கும் சுவிட்சின் ஒயர் அறுந்தால், மேசை முட்டும் வரை யாருக்கும் தெரியாது.

தொடாமலே உலோகத்தை உணரும் பிராக்ஸிமிட்டி சென்சாருக்கு மூன்று ஒயர்கள்: பழுப்பு நேர் முனை, நீலம் எதிர் முனை, கறுப்பு குறி. என்பிஎன் வகை குறி ஒயரை கிரவுண்டுக்கு இழுக்கும். பிஎன்பி வகை அதற்கு நேர் மின்னழுத்தம் தரும். பலகையின் உள்ளீடு எந்த வகையை எதிர்பார்க்கிறது என்று பார்த்தே சென்சார் வாங்க வேண்டும்.

மஞ்சள் பின்னணியில் காளான் வடிவச் சிவப்புப் பொத்தானாக இருக்கும் அவசர நிறுத்தத்தைப் பலகையின் ஒரு பின்னில் மட்டும் இணைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மென்பொருள் உறைந்துபோனால் அந்தப் பின்னைப் பார்க்க ஆளில்லை. ஆகவே பொத்தானில் இரண்டு தொடர்புகள் வேண்டும். ஒன்று, பெரிய ரிலேயான கான்டாக்டரின் சுருளை விடுவித்து மோட்டார், ஸ்பிண்டில் மின்சாரத்தை நேராகத் துண்டிக்கும். மற்றொன்று, துண்டிப்பு நடந்ததை மென்பொருளுக்குத் தெரிவிக்கும்.

கணினி தொடங்கும்போதும் ஓர் ஆபத்து உண்டு. அப்போது போர்ட்டின் பின்கள் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஸ்பிண்டிலை இயக்கும் ரிலே தானே இழுத்து அது சுழலலாம். இதைத் தடுக்கச் சில பலகைகளில் சார்ஜ் பம்ப் என்ற சுற்று உண்டு. மென்பொருள் சரியாக ஓடும்வரை ஒரு பின்னில் இடைவிடாத சதுர அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். மாக் 3-இல் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 12.5 கிலோஹெர்ட்ஸ். அலை நின்றால் பலகை எல்லா வெளியீடுகளையும் அடைத்துவிடும்.

ஸ்பிண்டிலும் இரைச்சலும்

ஸ்பிண்டிலை இயக்கி நிறுத்த ஒரு ரிலே போதும். வேகத்தை மாற்ற, ஒரு பின்னில் வரும் துடிப்பின் அகலத்தைப் பலகை 0 முதல் 10 வோல்ட்டாக மாற்றி விஎஃப்டி என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தருகிறது. 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுழலும் இருமுனை ஸ்பிண்டிலில், மென்பொருளின் உச்ச வேகம் 24,000 என்றும், விஎஃப்டியில் 10 வோல்ட்டுக்கு 400 ஹெர்ட்ஸ் என்றும் பொருந்தியிருக்க வேண்டும். அப்போதுதான் 12,000 சுற்றுக்கான கட்டளை 5 வோல்ட்டாகவும் 200 ஹெர்ட்ஸாகவும் போய்ச் சேரும்.

விஎஃப்டி மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டித் தருவதால் சுற்றிலும் மின் இரைச்சல் பரவும். ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியதும் யாரும் தொடாத லிமிட் சுவிட்ச் ‘தொட்டது’ என்று சொல்வது இதனால்தான். ஸ்பிண்டில் கேபிளும் சுவிட்ச் கேபிளும் பக்கம் பக்கமாக ஓடக் கூடாது; குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சுவிட்ச் ஒயர்கள் முறுக்கியவையாகவும் ஷீல்டு உள்ளவையாகவும் இருப்பது நல்லது. அந்த ஷீல்டைப் பெட்டிப் பக்கத்தில் மட்டும் எர்த் செய்வது வழக்கம். எர்த் ஒயர்கள் எல்லாம் பெட்டிக்குள் ஒரே புள்ளியில் கூட வேண்டும்.

மென்பொருளில் எழுதுவது

அமைப்பின் முதல் படி போர்ட்டின் முகவரி. மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டுக்கு அது பதினாறு நிலை எண் முறையில் 378 என்று இருப்பதே வழக்கம். தனியாகச் செருகும் கார்டுக்கு வேறாக இருக்கும். அடுத்து, எந்தப் பின் எந்த வேலைக்கு, அதன் குறிமுகம் என்ன என்ற அட்டவணை.

பிறகு ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு. 1.8 பாகை ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி நகரும். ஓர் அடியை எட்டாகப் பிரிக்கும் 8 மைக்ரோஸ்டெப்பை டிரைவரில் வைத்தால் 1,600 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்குரூ என்றால் 1,600-ஐ 5-ஆல் வகுக்க 320. டிரைவரின் சிறு சுவிட்சுகளை 16 மைக்ரோஸ்டெப்புக்கு மாற்றிவிட்டு மென்பொருளில் 320-ஐ அப்படியே விட்டால், 100 மி.மீ. கேட்கும் இடத்தில் 50 மி.மீ.தான் கிடைக்கும். பிழை சரியாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருந்தால் முதலில் இந்தச் சுவிட்சுகளைத்தான் பார்க்க வேண்டும்.

வேகத்துக்கும் இதே எண்ணே அடிப்படை. நிமிடத்துக்கு 3,000 மி.மீ. என்பது நொடிக்கு 50 மி.மீ.; அதற்கு நொடிக்கு 16,000 துடிப்பு வேண்டும். கணினி 25 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை பின்னை மாற்றினால், ஏற ஒன்று இறங்க ஒன்று எனக் கணக்கிட்டு நொடிக்கு 20,000 துடிப்பு கிடைக்கும். மைக்ரோஸ்டெப்பை 16 ஆக்கினால் தேவை 32,000 ஆகிவிடும். அந்தக் கணினி எட்டாது. நுண்மைக்கு ஆசைப்பட்டு மைக்ரோஸ்டெப்பைக் கூட்டும்போது வேகம் இப்படித்தான் குறைகிறது. துடிப்புகளைத் தாமே உருவாக்கும் புதிய பலகைகளில் பல இந்த வரம்பைப் பன்மடங்கு உயர்த்தியுள்ளன.

சோதிக்கும் வரிசை

ஒயரிங் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக இயக்கிப் பார்ப்பது ஆபத்து. முதலில் மின்சாரமில்லாமல் மல்டிமீட்டரால் ஒவ்வொரு ஒயரின் தொடர்ச்சியையும், இரு பக்கக் கிரவுண்டும் சேராதிருப்பதையும் பார்க்க வேண்டும். அடுத்து பலகைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, சுவிட்சுகளைக் கையால் அழுத்தித் திரையில் உரிய உள்ளீடு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, அவசர நிறுத்தம்: பொத்தானை அழுத்தியதும் கான்டாக்டர் விடுபட வேண்டும். இவை சரியான பிறகே டிரைவர்களுக்கு மின்சாரம்.

மோட்டாரை முதலில் குறைந்த வேகத்தில், மேசை நடுவில் இருக்கும்போது ஓட்ட வேண்டும். திசை தவறாக இருந்தால் மென்பொருளில் திசைப் பின்னின் குறிமுகத்தை மாற்றினால் போதும். பிறகு டயல் கேஜ் வைத்து நகர்ந்த தூரத்தை அளந்து துடிப்புக் கணக்கைச் சரிபார்க்கலாம். அதன்பின் மேசையைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோகும் ஹோமிங்; அது சரியானால், மேசை போகக்கூடிய எல்லையை மென்பொருளிலும் குறித்துவிடலாம். ஸ்பிண்டிலைக் கத்தி இல்லாமல் ஓட்டி, அதன் இரைச்சலிலும் லிமிட் சுவிட்சுகள் அமைதியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது கடைசிச் சோதனை.

எல்லாம் ஓடியபின் பின் எண், ஒயர் நிறம், வேலை, குறிமுகம், டிரைவர் சுவிட்சுகளின் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்ட வேண்டும்; அமைப்புக் கோப்பின் நகலை வேறொரு கணினியில் வைக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனால் அந்தக் கோப்பும், பலகையே கெட்டுப்போனால் அந்தத் தாளும் வேலையை முதலிலிருந்து தொடங்காமல் காப்பாற்றும்.