எக்ஸ்ரே எடுக்கக் கற்பது எப்படி? அமெரிக்க மருத்துவமனைகள் நடத்தும் இரண்டாண்டுப் படிப்பு

அமெரிக்காவில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு ரேடியாலஜிக் டெக்னாலஜிஸ்ட் என்று பெயர். தமிழ்நாட்டில் எக்ஸ்ரே டெக்னீஷியன் என்றால் எல்லோருக்கும் விளங்கும். படத்தைப் பார்த்து நோயைச் சொல்பவர் ரேடியாலஜிஸ்ட் என்னும் மருத்துவர். அவர் பார்ப்பதற்கான படத்தை எடுத்துக் கொடுப்பவர் டெக்னாலஜிஸ்ட். நோயாளியின் உடம்பு சற்றே திரும்பியிருந்தாலும், கதிரின் அளவு தப்பினாலும், மெல்லிய எலும்பு முறிவு படத்தில் தெரியாமல் போகலாம். படத்தைத் திரும்ப எடுத்தால் அதே உடம்பில் இரண்டாம் முறை கதிர் பாயும். ஆகவே முதல் முறையிலேயே சரியாக எடுப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைத் திறமை.

இதைக் கற்க அங்கே இரண்டு வழிகள் உண்டு. கல்லூரியில் சேர்ந்து பட்டம் படித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போய்வருவது ஒன்று. மருத்துவமனையே நடத்தும் பள்ளியில் சேர்ந்து, பாடத்தையும் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் பெறுவது மற்றொன்று. இரண்டில் பழையது மருத்துவமனைப் பள்ளி. பெரும்பாலும் 2 ஆண்டுகள் நடக்கும் இந்தப் படிப்பில் ஒரு வகுப்புக்குச் சேர்த்துக்கொள்ளப்படுவோர் சிலரே.

மருத்துவமனைக்குள் பிறந்த படிப்பு

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜென் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ் கதிரைக் கண்டார். சில மாதங்களுக்குள் அது மருத்துவத்தில் பயன்படத் தொடங்கியது. ஆனால் கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் எங்குமே இல்லை. புகைப்படக்காரர்களும், மின் வேலை தெரிந்தவர்களும், செவிலியர்களும், கன்னியாஸ்திரிகளும் தாங்களாகவே பழகிக்கொண்டார்கள். கதிரின் தீங்கு அப்போது தெரியாததால் பலருக்குக் கைத்தோல் வெந்தது. சிலர் விரல்களை இழந்தார்கள். எக்ஸ் கதிர் சோதனைகளில் தாமஸ் எடிசனுக்கு உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, அந்தக் கதிரால் வந்த புற்றுநோயால் 1904-இல் இறந்தார்.

முறையான பயிற்சி வேண்டும் என்ற குரல் தொழிலுக்குள்ளிருந்தே எழுந்தது. எக்ஸ்ரே கற்பிப்பதைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட எட் ஜெர்மன், 1920-இல் சிகாகோவில் தொழில்நுட்பர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். 1922-இல் தகுதித் தேர்வு வைத்துப் பெயர்களைப் பதிவு செய்யும் முறை வந்தது. முதலில் பதிவு பெற்றவர் ஓக்லஹோமாவைச் சேர்ந்த கன்னியாஸ்திரி, சிஸ்டர் பியாட்ரிஸ் மெரிகன். அந்தப் பதிவேடுதான் வளர்ந்து இன்று ஏ.ஆர்.ஆர்.டி. எனப்படும் அமெரிக்கக் கதிரியக்கத் தொழில்நுட்பர் பதிவகமாக இருக்கிறது. பள்ளிகளை ஆய்ந்து அங்கீகாரம் தரும் ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. என்ற அமைப்பு 1969-இல் தோன்றியது. தனி ஆளின் தகுதிக்கு முன்னது பொறுப்பு, பள்ளியின் தரத்துக்குப் பின்னது பொறுப்பு.

சேர்வதற்கு முன்

பள்ளி இறுதித் தேர்ச்சி மட்டும் இன்று போதாது. 2015 ஜனவரி 1 முதல், ஏ.ஆர்.ஆர்.டி. தேர்வெழுத வருபவரிடம் குறைந்தது இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டமான அசோசியேட் பட்டம் இருக்க வேண்டும். அது எந்தப் பாடத்தில் இருந்தாலும் சரி. மருத்துவமனைப் பள்ளிகள் தருவதோ சான்றிதழ். பட்டம் வழங்கும் அதிகாரம் பொதுவாக அவற்றுக்கு இல்லை. ஆகவே சில பள்ளிகள் பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்க்கின்றன. வேறு சில, கல்லூரியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மருத்துவமனையில் படித்ததைப் பட்டத்துக்கான மதிப்பலகுகளாகக் கணக்கிட வழி செய்கின்றன. விண்ணப்பிக்கும் முன் முதலில் கேட்டுத் தெளிய வேண்டியது இதைத்தான்.

உடற்கூறு, உடலியங்கியல், இயற்கணிதம், ஆங்கிலம், மருத்துவக் கலைச்சொற்கள் ஆகிய பாடங்களில் தேர்ச்சியைப் பல பள்ளிகள் கேட்கின்றன. நேர்முகமும் உண்டு. தொழிலை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்று, எக்ஸ்ரே பிரிவில் சில மணி நேரம் உடனிருந்து பார்த்துவரச் சொல்லும் பள்ளிகளும் உள்ளன. தடுப்பூசிச் சான்று, குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை ஆகியவை வழக்கமானவை. பழைய குற்றத் தீர்ப்பு ஏதேனும் இருந்தால், தேர்வெழுத அது தடையாகுமா என்று ஏ.ஆர்.ஆர்.டி.யிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அறிந்துகொள்ளலாம். இரண்டு ஆண்டுகளைச் செலவழித்த பிறகு இந்தச் சிக்கல் தெரியவருவது பெரும் இழப்பு.

வகுப்பும் வார்டும்

வாரத்தில் சில நாள் வகுப்பு, மற்ற நாள்கள் எக்ஸ்ரே பிரிவு என்று பாடத்திட்டம் அமைகிறது. இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அங்கீகார விதி. சம்பளம் வாங்கும் ஊழியருக்குப் பதிலாக மாணவரை நிறுத்தி வேலை வாங்கக் கூடாது என்பதும் விதி. மருத்துவமனையே பள்ளியை நடத்தும் இடத்தில் ஆள் குறையும்போதெல்லாம் மாணவரின் நினைவு வருவது இயல்பு. அதனாலேயே இந்த விதிகள் முக்கியமானவை.

வகுப்பில் கதிர் இயற்பியல், உடற்கூறு, நோயாளியை நிறுத்தும் நிலைகள், கதிர்ப் பாதுகாப்பு, படத்தைக் குறை காணும் முறை, நோயாளி பராமரிப்பு, தொழில் ஒழுக்கம் ஆகியவை கற்பிக்கப்படும். காலையில் படித்ததை மாலையிலோ மறுநாளோ உயிருள்ள உடம்பில் பார்க்க முடிவதுதான் மருத்துவமனைப் பள்ளியின் பெரிய பலம். பாடம் நடத்துபவர் எக்ஸ்ரே அறையிலும் உடன் இருப்பார். அவசர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, குழந்தைகள் பிரிவு என்று மாணவர் முறைவைத்துச் சுற்றி வருவார்.

ஒரு மார்புப் படத்தில் அடங்கிய பாடம்

எக்ஸ்ரே படங்களில் மிக அதிகம் எடுக்கப்படுபவற்றுள் ஒன்று மார்புப் படம். எளிதாகத் தோன்றும் அதில் மாணவர் கற்க வேண்டியவை பல.

முதலில் மருத்துவரின் சீட்டைப் படித்து, நோயாளியின் பெயர், பிறந்த தேதி என இரண்டு அடையாளங்களை அவர் வாயாலேயே சொல்லச் செய்து ஒப்பிட வேண்டும். கருவுறும் வயதுப் பெண்ணிடம் கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்க வேண்டும். கழுத்துச் சங்கிலி, உள்ளாடைக் கொக்கி, நெஞ்சில் புரளும் பின்னல் எல்லாவற்றையும் விலக்க வேண்டும். தடித்த பின்னல்கூட நுரையீரலின் மேல் நிழலாக விழும்.

அடுத்தது நிலை. நோயாளியின் மார்பு பதிவுப் பலகையில் பதிய, கதிர் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். இதயம் மார்பின் முன்புறத்தில் இருப்பதால், பலகைக்கு அருகில் இருந்தால்தான் அது படத்தில் அதிகம் பெரிதாகாது. அதே காரணத்துக்காகக் கதிர்க்குழாய் 72 அங்குலம், அதாவது சுமார் 183 சென்டிமீட்டர் தள்ளி வைக்கப்படுகிறது. கை, கால் போன்ற உறுப்புகளுக்கு வழக்கமான தூரம் 40 அங்குலம். தோள்களை முன்னால் உருட்டினால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகும். தாடையை உயர்த்தினால் நுரையீரலின் உச்சி தெரியும். இரண்டாவது முறை ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்ல வேண்டும். முதல் மூச்சைவிட இரண்டாவதில் நுரையீரல் நன்றாக விரியும்.

கதிரின் ஊடுருவும் திறனைக் கிலோவோல்ட் தீர்மானிக்கிறது. அளவை மில்லிஆம்பியரும் நேரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மணிக்கட்டுக்கு 50 முதல் 60 கிலோவோல்ட் வரை போதும். மார்புக்கு 110 முதல் 125 வரை வைப்பார்கள். வலம், இடம் காட்டும் ஈய எழுத்தைப் படத்துக்குள் விழும்படி ஒட்டுவதும் டெக்னாலஜிஸ்ட்டின் பொறுப்பு. ஒவ்வொருவரிடமும் தம் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த ஈய எழுத்துகள் இருப்பதால், எந்தப் படம் யார் எடுத்தது என்பது படத்திலேயே பதிந்துவிடும்.

எடுத்த படத்தைச் சோதிப்பது கடைசிப் பாடம். உதரவிதானத்துக்கு மேலே பின்புற விலா எலும்புகள் பத்து தெரிந்தால் மூச்சு போதுமானது. காரை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருந்தால் உடம்பு திரும்பவில்லை. டிஜிட்டல் கருவிகளில் இன்னொரு கவனமும் தேவை. பிலிம் இருந்த காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்து, தவறு உடனே தெரிந்துவிடும். இன்று கணினி அதைச் சரிசெய்துவிடுவதால், தேவைக்கு மேல் கதிர் கொடுத்த படமும் அழகாகவே தெரியும். ஆகவே படத்தோடு வரும் கதிர் அளவுக் குறியீட்டைப் பார்த்துப் பழகுவது இன்றைய மாணவருக்குக் கட்டாயப் பாடம்.

பார்த்து, செய்து, தேறி

எந்தச் செய்முறையையும் மாணவர் படிப்படியாகத்தான் கைக்கொள்கிறார். முதலில் பார்க்கிறார், பிறகு உதவுகிறார், அதன்பின் மேற்பார்வையில் தாமே செய்கிறார், இறுதியாக அதில் தேர்வு கொடுக்கிறார். அந்தத் தேர்வில் தேறும்வரை, தகுதி பெற்ற டெக்னாலஜிஸ்ட் ஒருவர் அறைக்குள் உடனிருந்து சீட்டைச் சரிபார்த்து, நோயாளியின் நிலையைக் கவனித்து, படத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இது நேரடி மேற்பார்வை. தேறிய பிறகு மாணவர் தனியாகச் செய்யலாம். ஆனால் கூப்பிட்டால் உடனே வரும் தொலைவில் டெக்னாலஜிஸ்ட் இருக்க வேண்டும். இது மறைமுக மேற்பார்வை.

தேறியவருக்கும் விலக்கில்லாத மூன்று இடங்கள் உண்டு. ஒரு படம் சரியாக வராமல் திரும்ப எடுக்க வேண்டியிருந்தால், எவ்வளவு கைதேர்ந்த மாணவரானாலும் டெக்னாலஜிஸ்ட் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். அறுவை அரங்கில் எடுக்கும் படங்களுக்கும், கருவியை நோயாளியிடமே கொண்டுபோய் எடுக்கும் படங்களுக்கும் அப்படியே. கற்பவரின் தவறுக்கு நோயாளி விலை கொடுக்கக் கூடாது என்பதே இந்த விதிகளின் நோக்கம்.

படிப்பு முடிவதற்குள் கட்டாயச் செய்முறைகளும் விருப்பச் செய்முறைகளும் சேர்த்து 50-க்கும் மேற்பட்டவற்றில் மாணவர் தேற வேண்டும். விரல் எலும்பு முதல் முதுகெலும்பு வரை, சக்கர நாற்காலி நோயாளியின் மார்புப் படம் முதல் கட்டில் அருகே கொண்டுபோய் எடுக்கும் போர்ட்டபிள் படம் வரை இந்தப் பட்டியல் நீள்கிறது. ரத்த அழுத்தம் பார்ப்பது, நாடி பிடிப்பது, நோயாளியைக் கட்டிலிலிருந்து பத்திரமாக மாற்றுவது, உயிர்காக்கும் முதலுதவி போன்ற 10 பராமரிப்புத் திறன்களும் கட்டாயம்.

கதிரிலிருந்து காப்பு

முதல் நாளிலிருந்தே மாணவர் கதிர் அளக்கும் பேட்ஜ் அணிகிறார். தொழில் செய்பவருக்கு அமெரிக்க விதிப்படி ஆண்டு வரம்பு 50 மில்லிசீவர்ட். வரம்பு இருக்கிறது என்பதற்காக அதை நெருங்குவது ஏற்கப்படுவதில்லை. இயன்றவரை குறைவாக என்பதே கொள்கை. நேரத்தைக் குறைப்பது, தூரத்தைக் கூட்டுவது, இடையில் ஈயத் தடுப்பு வைப்பது ஆகிய மூன்றும் அதற்கான வழிகள். இவற்றில் தூரம் மிக எளியது, மிகப் பலனுள்ளது. தொலைவை இரண்டு மடங்காக்கினால் கதிர் நாலில் ஒரு பங்காகவும், மூன்று மடங்காக்கினால் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறையும். அதனால்தான் போர்ட்டபிள் கருவியின் பொத்தான் நீண்ட கம்பியில் தொங்குகிறது; சுமார் 6 அடி தள்ளி நின்று அழுத்த வேண்டும்.

பதிவுப் பலகையை மாணவர் கையால் பிடித்துக்கொண்டு படமெடுக்க அங்கீகார விதிகள் அனுமதிப்பதில்லை. மாணவி கர்ப்பமுற்றால் அதைத் தெரிவிப்பதும் தெரிவிக்காததும் அவர் விருப்பம். எழுத்தில் தெரிவித்தால், கர்ப்ப காலம் முழுவதற்கும் கருவுக்கு 5 மில்லிசீவர்ட் என்ற வரம்பு நடைமுறைக்கு வரும்.

நோயாளியின் பாதுகாப்பில் நெடுநாள் பழக்கமொன்று அண்மையில் மாறியிருக்கிறது. இனப்பெருக்க உறுப்புகளின் மேல் ஈயத் தகடு வைக்கும் வழக்கத்தைக் கைவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் அறிவித்தது. இன்றைய கருவிகளில் கதிர் பெரிதும் குறைந்துவிட்டதும், தகடு தப்பான இடத்தில் அமர்ந்தால் பார்க்க வேண்டிய பகுதியையே மறைத்துவிடுவதும் காரணங்கள்.

தகுதித் தேர்வும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதும்

படிப்பை முடித்தவர் ஏ.ஆர்.ஆர்.டி.யின் கணினித் தேர்வை எழுதுகிறார். மதிப்பெண்ணுக்குரிய கேள்விகள் 200. நோயாளி பராமரிப்பு, பாதுகாப்பு, படம் உருவாக்கல், செய்முறைகள் என்ற நான்கு பிரிவுகளில் அவை அமைகின்றன; செய்முறைகளுக்கே பங்கு அதிகம். தேற 75 வேண்டும். ஆனால் அது கேள்விகளில் முக்கால் பங்கு என்று பொருளல்ல. வினாத்தாளின் கடினத்துக்கேற்பச் சீராக்கிய அளவுகோலில் 75. மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று முறை எழுத வாய்ப்பு உண்டு.

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும், தன் மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் முதல் முயற்சியிலேயே தேறினார்கள், எத்தனை பேர் ஓராண்டுக்குள் வேலை பெற்றார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்ற கணக்கைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும். முதல் முயற்சித் தேர்ச்சியிலும் வேலைவாய்ப்பிலும் ஐந்தாண்டுச் சராசரி 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சேர நினைப்பவர் மூன்று எண்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தேர்ச்சி விகிதம் உயர்ந்திருந்தும் பாதியில் விலகியவர்கள் அதிகம் என்றால், அந்தப் பள்ளியிடம் காரணம் கேட்க வேண்டும்.

பதிவுக்குப் பிறகு

தேறியவர் தம் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. என்று போட்டுக்கொள்ளலாம். பல மாநிலங்களில் தனி உரிமமும் பெற வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சி.டி., எம்.ஆர்.ஐ., மார்பகப் பரிசோதனையான மேமோகிராம் போன்றவற்றுக்கு மேற்பயிற்சியும் தனித்தேர்வும் உள்ளன.

பதிவை வைத்துக்கொள்ள 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை 24 மதிப்பலகு அளவுக்குத் தொடர்கல்வி முடிக்க வேண்டும். 2011 முதல் பதிவு பெற்றவர்கள், 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் அறிவைச் சோதித்துப் பார்த்து, குறை தென்பட்ட பகுதிகளை மீண்டும் படிக்கவும் வேண்டும்.