பத்தில் ஒரு பங்கு போதாது

2024 டிசம்பர் கடைசி வாரத்தில் டெல்லியிலிருந்து மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிக்கு ஒரு சமாதானம் வந்தது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன 2,015.51 ஹெக்டேரில், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான 193 ஹெக்டேர் சொச்சத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுபடி வரைய முடியுமா என்று பார்க்கும்படி, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தை மத்திய சுரங்க அமைச்சகம் கேட்டுக்கொண்டது. பத்தில் ஒரு பங்கு உங்களுக்கு, மிச்சம் சுரங்கத்துக்கு. மலையைத்தானே கேட்டீர்கள், வைத்துக்கொள்ளுங்கள் என்கிற பேரம்.

மேலூர் வட்டார ஜனங்கள் மசியவில்லை. ஏன் என்று புரிய, அரிட்டாபட்டிப் பாறை மேல் ஒரு தடவை ஏறி நின்று பார்த்தாலே போதும்.

மதுரையிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். வெயில் காய்ச்சிய ஏழு குன்றுகள். பாறை தண்ணீரைக் குடிக்காது. ஒரு மழை அடித்தால் அத்தனையும் வழிந்து, சுனைகளில் தேங்கியது போக, அடிவாரத்துக் கண்மாய்களுக்கு ஓடும். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்ததற்குப் போகும். அரசின் அறிவிப்பே இந்தப் பகுதிக்கு 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று கணக்குச் சொல்கிறது. ஆனைகொண்டான் ஏரி 16ஆம் நூற்றாண்டில் பாண்டியர் வெட்டியது. மலை தனி, வயல் தனி என்று இங்கே எந்த இடத்தில் கோடு கிழிப்பது? வரைபடத்தில் கிழிக்கலாம். சுற்றுமுற்றும் மண்ணைத் தோண்டிவிட்டு நடுவில் மலையை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மேலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டிய விஷயமும் இல்லை. கிரானைட் குவாரிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கீழவளவைப் பார்த்தவர்கள் அவர்கள். சமணப் படுக்கைகள் உள்ள பஞ்சபாண்டவர் மலை தொல்லியல் சின்னம் என்பதால் தப்பியது. பக்கத்துக் குன்றுகள் பாளம் பாளமாக அறுபட்டுப் போயின. அதே கிரானைட் ஆபத்து அரிட்டாபட்டிக்கும் வந்தபோது ஊரே திரண்டு தடுத்தது.

இந்த மலை எப்போதுமே பலருக்கும் திறந்து கிடந்தது என்பதற்குப் பாறையே சாட்சி. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் தங்க ஒருவர் குகை அமைத்துக் கொடுத்ததைத் தமிழிக் கல்வெட்டு சொல்கிறது. பின்னாளில் ஒரு தீர்த்தங்கரர் சிற்பம், அதன் பக்கத்தில் வட்டெழுத்து. இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். சிவ வடிவமாகக் கருதப்படும், தமிழ்நாட்டில் அபூர்வமாகவே காணக்கிடைக்கும் லகுலீசர் அங்கே புடைப்புச் சிற்பமாக உட்கார்ந்திருக்கிறார். சமணரும் சைவரும் மாறி மாறி வந்த மலைக்கு இன்று ஆடு மேய்ப்பவர் வருகிறார், பறவை பார்ப்பவர் வருகிறார், சும்மா காற்று வாங்கவும் வருகிறார்கள். சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகடு வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிப் பருந்து மூன்றும் அவற்றில் அடக்கம். அலங்கு எனும் எறும்புத்தின்னியும் தேவாங்கும் உண்டு; ஆனால் பகலில் போய் அவற்றைத் தேடாதீர்கள், ஏமாந்து திரும்புவீர்கள்.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து அறிவிக்கப்பட்டன. பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு தருகிற இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று: இதற்கு வேலி கிடையாது. சரணாலயம் என்றால் உள்ளே நுழைய அனுமதி வாங்க வேண்டும். இங்கே ஊரார் தாங்களாக விரும்பி ஏற்கும் கட்டுப்பாடு தவிர, பழைய புழக்கம் எதுவும் நிற்காது. காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஜனங்களை வெளியே தள்ளிப் பூட்டுப் போடுகிற வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் சான்றிதழ் மட்டும் மலையைக் காப்பாற்றிவிடவில்லை. அது கையில் இருக்கும்போதேதான் 2024 நவம்பர் 7 அன்று ஏல முடிவு வெளியானது. அதே மாதம் 23ஆம் தேதி கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பிறகு வந்ததுதான் அந்தப் பத்தில் ஒரு பங்கு பேரம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் கிளம்பிய ஆயிரக்கணக்கான ஜனங்கள் மதுரை தல்லாகுளம் நோக்கி நடந்தார்கள். மேலூரில் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. பெண்களும் பெரியவர்களுமாக அன்று நடந்த நடைக்கு இதில் பெரும் பங்கு என்பதே என் கணிப்பு.

இப்போது வேறொரு கவலை. செய்தியில் அடிபட்ட இடம் என்றால் நம் ஆட்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு கிளம்பிவிடுவார்கள். வல்லூறு கூடு வைப்பது பாறை இடுக்கில். அதன் மூக்குக்கு முன்னால் ட்ரோன் பறந்தால் அது என்ன செய்யும்? போகிறவர்கள் கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தாலே மலைக்குப் பெரிய உபகாரம்.

அரிட்டாபட்டிக்குப் போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது ஊரின் மரம், குளம், மேய்ச்சல் நிலம், உயிரினம் எல்லாவற்றுக்கும் மக்கள் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது அதே பல்லுயிர்ச் சட்டம். உங்கள் ஊரில் அந்தப் பதிவேடு இருக்கிறதா, யார் கையில் இருக்கிறது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது? அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.