மின்சார வண்டி வாங்க முன்னர்: மின்னேற்றுவது எங்கே?

பெற்றோல் இல்லாமல் வண்டி ஓட்டுவது எங்கள் மக்களுக்குப் புதிய காரியமன்று. 1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். ஆகவே, 2022 இல் நாடு முழுவதும் எண்ணெய் வரிசையில் நின்றபோது, வடக்கின் வயதானவர்கள் பலர் "இது நாங்கள் பார்த்ததுதானே" என்று சொன்னதில் வியப்பில்லை.

ஆயினும் அந்த வருடம் எங்கள் இளைஞர் மனதில் ஓர் எண்ணத்தை விதைத்துவிட்டது. கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர். அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. எண்ணெய் கேட்காத வண்டி ஒன்று இருந்தால் என்ன என்று பலர் யோசித்தார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பின், மின்சார மோட்டார் சைக்கிள், மின்சார முச்சக்கர வண்டி, மின்சாரக் கார் என்பன பற்றிய பேச்சு முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் கேட்கத் தொடங்கியுள்ளது. லீசிங்கில் எடுக்கலாமா என்று எம்மிடம் ஆலோசனை கேட்பவர்களும் உள்ளனர். அவர்களிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி விலை பற்றியதல்ல. அதை எங்கே சாச் பண்ணப் போகிறீர்கள் என்பதே.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னால் விடயம் விளங்கும். சொந்தக் காணி இன்னும் விடுவிக்கப்படாத காரணத்தால் பல வருடங்களாக வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் அது. தகப்பனார் தோட்டச் செய்கைக்காரர். மகன் மின்சார முச்சக்கர வண்டி ஒன்றைத் தவணைக்கு எடுத்தார். வண்டியில் குறை ஒன்றுமில்லை. சத்தமில்லை, புகையில்லை, எண்ணெய்ச் செலவில்லை. முதல் மாதம் வீட்டுச் சொந்தக்காரரின் பெயரில் மின்பட்டியல் வந்தது. இரண்டாம் மாதம் அவர், "தம்பி, இனி இங்கே ஏற்ற வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். மின்பட்டியலில் "அலகு" என்று எழுதப்படுவது, ஆயிரம் வாற் பாவிக்கும் ஒரு பொருள் ஒரு மணித்தியாலம் ஓடும்போது செலவாகும் மின்சாரம். மின்சார வண்டியின் பற்றறி எவ்வளவு கொள்ளும் என்பதும் இதே அலகில்தான் சொல்லப்படும். எண்ணெய்த் தாங்கிக்கு லீற்றர் எப்படியோ, பற்றறிக்கு அலகு அப்படி. சிறிய மின்சார ஸ்கூட்டர் ஒன்று இரண்டு அல்லது மூன்று அலகு கொள்ளும். முச்சக்கர வண்டி ஏழு, எட்டு அலகு. கார் என்றால் 24 அலகிலிருந்து 60 அலகும் அதற்கு மேலும். முச்சக்கர வண்டி நாளுக்கு எட்டு அலகு குடித்தால் மாதத்தில் 25 நாளுக்கு 200 அலகு. சாதாரணமாக 60 அலகுக்குள் பாவிக்கும் வீடு ஒரேயடியாக 260 அலகுக்குப் போய்விடும். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படி படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். மேற்படியில் விழுந்தால் ஒவ்வோர் அலகின் விலையும் கூடுகிறது, நிலையான மாதக் கட்டணமும் கூடுகிறது. சொந்த மின்மானி உள்ளவர் நேரத்துக்கேற்ற கட்டண முறையைக் கேட்டுப் பெற்று, இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை குறைந்த விலையில் ஏற்றலாம். வாடகைக்காரர் அதைக் கேட்க முடியாது. மானி அவருடையதல்லவே.

இதுதான் உலகம் முழுவதிலும் மின்சார வாகனம் பற்றிய கதை. சொந்த வீடும் முற்றமும் உள்ளவருக்கு அது மலிவு. இரவில் சொருகிவிட்டுப் படுத்தால் காலையில் வண்டி நிறைந்திருக்கும். மாடிக் குடியிருப்பிலும் வாடகை அறையிலும் இருப்பவர் வீதியோரத்துப் பொது நிலையத்தை நம்ப வேண்டும். அங்கே விலை கூட. பிரித்தானியாவில் வீட்டு மின்சாரத்துக்கு 5 வீத வரியும் பொது நிலையத்து மின்சாரத்துக்கு 20 வீத வரியும் பல வருடங்களாக அறவிடப்பட்டு வந்தமை பெரிய முறைப்பாடாகியது. வீடு இல்லாதவன் கூடக் கொடுக்கிறான். முகாம் வாழ்க்கையில் தண்ணீரை வாளிக்கணக்கில் வாங்கியவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

சரி, பொது நிலையம் என்றால் என்ன? இரண்டு வகை உண்டு. ஒன்று வீட்டில் வரும் அதே மின்சாரத்தைக் கொஞ்சம் கூடிய பலத்தில் கொடுப்பது. பற்றறிக்கு ஏற்றவாறு அதை மாற்றும் கருவி வண்டிக்குள் இருக்கும். கார் நிறைய நான்கு மணித்தியாலமும் ஆகலாம், எட்டும் ஆகலாம். மற்றது வேக நிலையம். மாற்றும் கருவி நிலையத்திலேயே இருப்பதால் பற்றறிக்கு நேரே ஏறும். அரை மணியில், முக்கால் மணியில் பெரும்பகுதி நிறையும். ஆனால் எண்பது வீதத்துக்கு மேல் வேகம் தானாகக் குறைந்துவிடும், அது பற்றறியைக் காப்பதற்காக. வேக நிலையங்களின் சொருகியிலும் வேறுபாடு உண்டு. 2015 ஆம் ஆண்டளவில் வரிச் சலுகையோடு எங்கள் நாட்டுக்கு வந்த நிஸான் லீஃப் கார்களுக்கு யப்பானிய முறையான சாடெமோ சொருகி வேண்டும். ஐரோப்பிய முறை வேறு, சீன முறை வேறு. நிலையம் இருக்கும், சொருகி பொருந்தாது. மேலும், ஸ்கூட்டருக்கும் முச்சக்கர வண்டிக்கும் பெரும்பாலும் இந்த வேக நிலையங்களால் பயனே இல்லை. சாதாரண சுவர்ச் சொருகியில் நான்கைந்து மணித்தியாலம் ஏற்றுவதற்கென்றே அவை செய்யப்பட்டுள்ளன. எங்கள் மக்கள் வாங்க நினைப்பது இவற்றைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

நிலையங்களில் பெரும்பாலானவை மேல் மாகாணத்திலும் பிரதான வீதிகளிலுமே உள்ளன. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். பழைய லீஃப் கார் புதிதாக இருந்தபோதே ஓர் ஏற்றத்தில் ஏறக்குறைய 120 கிலோமீற்றர்தான் ஓடும். அதன் பற்றறியைக் குளிரவைக்கத் தனி அமைப்பு இல்லாததால் வெப்பநாடுகளில் விரைவில் தேய்ந்தது. அப்படித் தேய்ந்த காரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வன்னிக்குக் கொண்டுவந்தால் வழியில் நிற்க வேண்டியதுதான். பெற்றோல் முடிந்தால் பெட்டிக்கடையில் போத்தலில் வாங்கி ஊற்றலாம். மின்சாரத்தைப் போத்தலில் கொண்டுவர முடியாது.

இனி, நிலையம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது வேலை செய்கிறதா?

அமெரிக்காவில் 2022 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. மின்சாரக் கார்கள் மலிந்த சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியில் 181 பொது வேக நிலையங்களுக்கு ஆட்கள் நேரே சென்று, 657 சொருகிகளில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் ஏறினால் போதும், அது வேலை செய்வதாகக் கணக்கு. அப்படியும் 72.5 வீதமே தேறியது. மற்றவற்றில் திரை வேலை செய்யவில்லை, அல்லது பணம் வாங்கும் கருவி கெட்டிருந்தது, அல்லது தொலைத்தொடர்பு இல்லை, அல்லது சொருகி உடைந்திருந்தது. சில இடங்களில் வயர் வண்டிக்கு எட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், நிலையங்களை நடத்தும் நிறுவனங்கள் தமது பொறிகள் 95 இலிருந்து 98 வீதமான நேரம் வேலை செய்வதாகச் சொல்லி வந்தன. அவை பொய் சொன்னதாக நாம் நினைக்கவில்லை. பொறிக்கு மின்சாரம் போகிறதா என்று அவை எண்ணின. வண்டிக்கு ஏறுகிறதா என்று ஆய்வாளர் எண்ணினார்கள்.

இந்த வித்தியாசத்தை நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த எவரும் அறிவார்கள். முகாமுக்கு இத்தனை குழாய்க்கிணறு அமைக்கப்பட்டது என்று அறிக்கையில் இருக்கும். எதில் தண்ணீர் வரும், எதில் கைபிடி ஆடும், எதன் வாஷர் தேய்ந்து ஆறு மாதமாயிற்று என்பது குடத்தோடு போகும் பெண்களுக்குத்தான் தெரியும். பம்பி பொருத்தப் பணம் கொடுப்பவர்கள் இருந்தார்கள். வாஷர் மாற்றப் பணம் கொடுப்பவர்கள் இல்லை. எமது அபிவிருத்தி வேலையிலும் இதே தவறைப் பலமுறை செய்திருக்கிறோம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மின்னேற்றும் நிலையமும் அப்படியே. நாட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, பழுது பார்ப்பதற்கு இல்லை. வெளிநாடுகள் சில இதை இப்போது சட்டத்தால் திருத்தப் பார்க்கின்றன. பிரித்தானியாவில் 2024 நவம்பர் முதல் வேக நிலையங்களை நடத்துவோர் வருடச் சராசரியில் 99 வீதம் வேலை செய்யும்படி அவற்றை வைத்திருக்க வேண்டும், இரவுபகல் தொலைபேசி உதவியும் வழங்க வேண்டும்.

எங்கள் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிலையம் நல்லாயிருந்தாலும் மின்சாரம் வர வேண்டும். 2022 மார்ச் 31 இல் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருளில் மூழ்கியதாகச் சொன்னார்கள். பூசை முடிந்து வீடு போனவர்களுக்கு விசிறி இல்லை என்ற கவலை. மின்சார வண்டியில் பிழைப்பவருக்கு மறுநாள் ஓட்டம் இல்லை என்ற கவலை. லீசிங் காரருக்கோ எந்தக் கவலையும் இல்லை. தவணைத் திகதி மாறாது.

ஏற்ற இடமில்லாதபோது இன்னொரு கேடும் நடக்கிறது. மலிவான வண்டிகளில் உள்ள ஈய அமிலப் பற்றறி, முற்றாக இறங்கும்வரை ஓட்டினால் விரைவில் செத்துவிடும். டெல்லி, உத்தரப்பிரதேசம் போன்ற இடங்களில் ஓடும் மின்சார ரிக்‌ஷாக்களில் இவ்வகைப் பற்றறியை ஒரு வருடமளவில் மாற்ற வேண்டி வருகிறது. லிதியம் பற்றறி ஆயிரம் தடவைக்கு மேல் ஏற்றத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. ஆகவே விற்பவரிடம் பற்றறி எந்த வகை, எத்தனை வருட உத்தரவாதம், மாற்றினால் என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள்.

கிடுகுக் கொட்டிலுக்குள்ளும் தறப்பாள் வீட்டுக்குள்ளும் இரவிரவாக ஏற்றாதீர்கள். மெல்லிய நீட்டு வயரும் 5 அம்பியர் சொருகியும் பல மணித்தியாலம் அந்தச் சுமையைத் தாங்கா, சூடாகி உருகும். புவித்தொடுப்பு உள்ள 13 அம்பியர் சொருகி, மின்மானியிலிருந்து நேரே வரும் தடித்த வயர், மழை படாத திறந்த கூரை ஆகிய மூன்றும் இல்லையென்றால் வேண்டாம். கம்பத்திலிருந்து கொளுவி எடுப்பதைப் பற்றி நாம் சொல்லவும் வேண்டுமா?

அப்படியானால் சொந்த மானி இல்லாதவர் இதை மறந்துவிடுவதா? இல்லை. தனித்தனியே வாங்காமல் இடத்தைச் சேர்ந்து தேடலாம் என்பதே எமது எண்ணம். டெல்லியில் ரிக்‌ஷாக்காரர் பலர் வீட்டில் ஏற்றுவதில்லை. கொட்டகை ஒன்றில் இரவு விட்டு, ஓர் இரவுக்கு இவ்வளவென்று கட்டிவிட்டு, காலையில் எடுத்துச் செல்கிறார்கள். தாய்வானில் 2015 முதல் ஸ்கூட்டர்களுக்கு இன்னொரு வழி நடைமுறையில் உள்ளது. இறங்கிய பற்றறியை நிலையத்தில் வைத்துவிட்டு ஏறிய பற்றறியை எடுத்துப் போவது. அதற்குப் பெரிய முதல் வேண்டும், எமக்கு இப்போதைக்கு எட்டாது. கொட்டகை எட்டும். கூட்டுறவுச் சங்கக் கட்டடம், கமநல சேவை நிலைய வளவு, பங்கு மண்டபம் போன்ற இடங்களில் பத்துச் சொருகியும் பத்துச் சிறு மானியும் வைக்க முடியும். பகலில் ஏற்றக்கூடிய ஸ்கூட்டர்களுக்குச் சூரியத் தகடும் உதவும். எங்கள் உலர்வலய வெயிலில் ஒரு கிலோவாற் தகடு நாளுக்கு ஏறக்குறைய நான்கு அலகு தரும். அதாவது ஒன்றிரண்டு ஸ்கூட்டருக்குப் போதும். இரவில் ஏற்றும் ஓட்டோவுக்கு அது நேரடியாக உதவாது. பணம் வாங்கி மின்சாரம் கொடுப்பதற்கு விதிகள் இருப்பதால் மின் அலுவலகத்தில் முதலில் கேட்டு, உரிய இணைப்பை எடுத்தே தொடங்க வேண்டும்.

பொறி வாங்குவது இதில் இலகுவான பகுதி. சொருகி உடைந்தால் யார் மாற்றுவது, அதற்கான காசு எந்தப் பெட்டியில், கதவின் திறப்பு இரவில் யார் கையில் ஆகியவற்றை முதற் கூட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதிக்கொள்ளாத கொட்டகைக்கு எமது நிலையத்திலிருந்து ஆதரவுக் கடிதம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

மேலே சொன்ன இளைஞர் இப்போது கிராமத்து அரிசி ஆலை ஒன்றின் தாழ்வாரத்தில் வண்டியை இரவில் விடுகிறார். ஆலையில் மும்முனை இணைப்பு இருக்கிறது, காவலாளியும் இருக்கிறார். தனி மானி ஒன்று பொருத்தி, பாவித்த அலகுக்கு ஏற்ப ஆலைப் பட்டியலில் தன் பங்கைச் செலுத்துகிறார். அறுவடைக் காலத்தில் ஆலை இரவிலும் ஓடும்போது அவருக்கு இடமில்லை. அந்த நாட்களுக்கு வேறிடம் இன்னும் கிடைக்கவில்லை.