வேகமே ஆயுதம்

மலிவான சீட்டுகள், சின்னச் சின்ன வீரர்கள், கொஞ்சம் கணக்கு. அசைக்க முடியாத தற்காப்பும் ஆட்டம் காண்கிறது

நீங்கள் இறக்கும் சீட்டை எதிராளி ரத்து செய்கிறார். தப்பி வந்ததை அழிக்கிறார். அவசரமே இல்லை. உங்கள் கை காலியான பிறகு ஒரே ஒரு தேவதையை இறக்கி, நிதானமாக ஆட்டத்தை முடிக்கிறார். 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டில் இந்த பாணிக்கு 'கன்ட்ரோல்' என்று பெயர். அதன் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் பிரையன் வைஸ்மேன் தொகுத்த கட்டு, 'தி டெக்' என்றே அழைக்கப்பட்டது. வேறு கட்டே இல்லை என்பதுபோல. 'பிளாக் லோட்டஸ்' போன்ற அபூர்வச் சீட்டுகள் அதில் இருந்தன. பணம் இருப்பவருக்கே வெற்றியா என்ற முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை.

பதில் 1996-ல் அட்லாண்டாவில் கிடைத்தது. தொழில்முறைப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் பால் ஸ்லை என்பவர் இரண்டாமிடம் பிடித்தார். அவர் கையில் இருந்தது சிவப்பு நிறக் கட்டு. அதில் 'அயன்கிளா ஆர்க்ஸ்' போல, பலரும் சீண்டாமல் ஒதுக்கிய சீட்டுகள். கட்டை வடிவமைத்த ஜே ஷ்னைடர் நம்பியது அபூர்வச் சீட்டுகளை அல்ல, கணக்கை.

அந்தக் கணக்கு எளிது. கணித முனைவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-ல் வெளிவந்த இந்த விளையாட்டில், இருவரும் குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட சொந்தக் கட்டுடன் மோதுகிறார்கள். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். ஒரு முறைக்கு ஒரு 'நிலம்' மட்டுமே இறக்கலாம். நிலம்தான் 'மானா' என்ற சக்தியைத் தருகிறது. முதல் முறை ஒன்று, நான்காம் முறை நான்கு. செலவழிக்காத சக்தி வீண். தற்காப்பு ஆட்டக்காரரின் பெரிய சீட்டுகளுக்கு நான்கு, ஐந்து மானா வேண்டும். அதுவரை அவர் கை கட்டுண்டிருக்கிறது. அதிரடி ஆட்டக்காரரோ முதல் முறையிலிருந்தே ஒரு துளியும் மிச்சம் வைப்பதில்லை.

முதல் மூன்று முறையும் தலா 2 பலமுள்ள ஒரு வீரரை இறக்கினால், இரண்டாம் முறை 2, மூன்றாம் முறை 4, நான்காம் முறை 6 என 12 புள்ளிகள் பறிபோகும். தடுக்க ஆளில்லாதவரை இதுதான் நிலவரம். அதன் பிறகே எதிராளிக்கு நான்கு மானா சேரும். களத்தில் உள்ள எல்லா வீரர்களையும் துடைத்தெறியும் 'ராத் ஆஃப் காட்' அப்போதுதான் வரும். மிச்சம் 8 புள்ளிகள். ஒரே மானாவுக்கு 3 புள்ளிகளைப் பறிக்கும் 'லைட்னிங் போல்ட்' மூன்று போதும்.

பொறுமையும் வேண்டும்

அதிரடி என்றால் கண்மூடித்தனம் அல்ல. புதியவர்கள் தோற்பது இங்கேதான். களத்தில் மூன்று வீரர்கள் இருக்கும்போதே எதிராளிக்கு நெருக்கடிதான். நான்காவதையும் ஐந்தாவதையும் கொட்டினால் ஒரே சீட்டில் ஐந்தும் போய்விடும். அனுபவசாலிகள் இரண்டைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள். களம் துடைக்கப்பட்ட மறுமுறையே தாக்குதல் மீண்டும் தொடங்குகிறது.

ரத்து செய்யும் மந்திரங்களுக்கும் மருந்து உண்டு. 'கவுன்ட்டர்ஸ்பெல்'லுக்கு இரண்டு நீல மானா தேவை. எதிராளி அதைக் கையிருப்பில் வைத்துக் காத்திருந்தால், முதலில் சாதாரண வீரரை நீட்ட வேண்டும். அவர் அதை ரத்து செய்தால் முக்கியமானது தப்பிக்கும். விட்டுவிட்டால் அந்தச் சாதாரண வீரரே கொல்லத் தொடங்குவார். அவர் தன் முறையில் மானாவைத் தீர்த்துவிட்டாலோ, அப்போதே மின்னலைப் பாய்ச்சலாம். முதல் ஆட்டத்துக்குப் பிறகு உபரியாக உள்ள 15 சீட்டுகளிலிருந்து 'பைரோபிளாஸ்ட்' வந்து சேரும். ஒரே சிவப்பு மானாவில் நீல மந்திரத்தை முறியடிக்கும் சீட்டு அது.

1998-ல் லாஸ் ஏஞ்சலீஸ் புரோ டூர் போட்டியில் டேவ் பிரைஸ் சிவப்புக் கட்டுடன் பட்டம் வென்றபோது, இந்த வழி குருட்டு அதிர்ஷ்டம் அல்ல என்பது உறுதியானது. மறு ஆண்டு மைக் ஃப்ளோரஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒரே கேள்வியைக் கேட்டது: இந்த ஆட்டத்தில் தாக்க வேண்டியவர் யார்? தன் பங்கைத் தவறாகப் புரிந்துகொள்பவர் தோற்பார் என்பது அவர் வாதம். தற்காப்புக் கட்டுக்கு எதிரே அதிரடிக் கட்டுக்கு இதில் குழப்பமே இல்லை. ஆட்டம் நீள நீள, பலம் எதிராளி பக்கம் சாயும். நாள் கடத்துவது தற்கொலைக்குச் சமம்.

2025 ஜூன் இறுதியில் இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், ஸ்டாண்டர்ட் வகைப் போட்டிகளில் பல சீட்டுகளுக்குத் தடை விதித்தது. பட்டியலில் 'மான்ஸ்ட்ரஸ் ரேஜ்', 'ஹார்ட்ஃபயர் ஹீரோ' ஆகியவையும் அடக்கம். இரண்டும் ஒரே மானாச் சீட்டுகள். இரண்டும் சிவப்பு. யாரும் சீண்டாத சீட்டுகளுடன் தொடங்கிய வழி, இப்போது தடை போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்துவிட்டது.