ரப்பர் இன்சுலேட்டரில் கலக்கும் வெண்தூள்

மின்கம்பங்களில் பீங்கான் இன்சுலேட்டர்களுக்குப் பதிலாகச் சிலிகோன் ரப்பராலானவை பல இடங்களில் பொருத்தப்படுகின்றன. வெயிலைச் சிலிகோன் நன்றாகவே தாங்கும். அதற்குப் பகை அழுக்கும் ஈரமும் சேர்வதேயாகும். உப்பும் தூசும் படிந்த மேற்பரப்பு பனியில் நனைந்தால் அதன்மீது மின்சாரம் கசியும். சிறு பொறிகள் எழுந்து ரப்பரை அரிக்கும். அரிப்பு உள்ளிருக்கும் கண்ணாடி நார்த் தண்டை எட்டிவிட்டால் இன்சுலேட்டர் முறியவும் கூடும்.

இதைத் தடுக்கவே அலுமினியம் ஹைட்ராக்ஸைடு என்னும் வெண்தூளைச் சேர்க்கிறார்கள். சுமார் 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறியதும் அத்தூள் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை ஆவியாக வெளிவிடுகிறது. பொறி விழுந்த இடம் குளிர்கிறது. ரப்பரைவிட மலிவானதாகையால் இதை மிகுதியாகக் கலக்கும் ஆசையும் உண்டு. அளவு மிஞ்சினாலோ ரப்பர் விறைத்துவிடும். நீரை முத்தாக உருட்டித் தள்ளும் குணமும் குறையும்.

தரையில் நின்று பார்க்கையிலேயே வெடிப்போ கருமையோ தென்பட்டால், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மின்வாரிய அலுவலகத்துக்கு எழுதலாம். எவரும் கம்பத்தில் ஏறிப் பார்க்கலாகாது.