தீர்மானங்களுக்கு ஒரு கணக்கு நாள் வேண்டும்

தீர்மானம் எடுக்க நமக்கு ஜனவரி 1 இருக்கிறது. எடுத்த தீர்மானம் என்ன ஆனது என்று உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் இல்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் புது டைரி கைக்கு வந்துவிடுகிறது. பழைய டைரியின் முதல் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. இந்த ஆண்டு நான் புரட்டினேன். நான்கு வரிகள் இருந்தன. தினமும் காலையில் நடப்பது, காபியில் சர்க்கரையை விடுவது, புத்தகக் காட்சியில் வாங்கி அடுக்கியவற்றைப் படித்து முடிப்பது, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் போனில் பேசுவது.

சர்க்கரை சுலபமாகப் போயிற்று. முதலில் கசந்த காபி, மாசி பிறப்பதற்குள் நாக்குக்குப் பழகிவிட்டது. இப்போது கல்யாண வீட்டில் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் பாதிக்கு மேல் இறங்குவதில்லை.

நடையும் நின்றுபோகவில்லை. அதற்குப் பாதிக் காரணம் எதிர்வீட்டுப் பெரியவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். அவரைக் காக்க வைக்க மனம் வராது, எழுந்துவிடுவேன். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நின்றபோது குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்தோம். நடையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னது. என் குடும்பத்திலேயே மூன்று தலைமுறையாக அந்த நோய் இருக்கிறது.

புத்தகங்கள் பாதியில் நிற்கின்றன. ஆசை குறைந்ததால் இல்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் படிப்பது என்று அந்த வரியில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமே இதுதான்: ‘செய்வேன்’ என்று மட்டும் நினைப்பவரைவிட, ‘இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் செய்வேன்’ என்று முடிவு செய்தவர் அதிகம் செய்து முடிக்கிறார். அம்மாவுக்கான வரியில் ‘இரவு சாப்பாட்டுக்கு முன்’ என்று இருந்தது. புத்தக வரியில் அப்படி எதுவும் இல்லை.

அந்த அம்மா வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் விஷயம் இருந்தால்தான் போன். பண்டிகை, கல்யாணம், மருந்துச் சீட்டு, கரண்ட் பில். தினமும் பேச ஆரம்பித்ததும் முதலில் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. “சாப்பிட்டியா?” “இனிமேதாம்மா.” “சரி, வச்சிடவா?” அதோடு முடிந்துவிடும். பிறகு மெல்ல மெல்ல, விஷயமில்லாத பேச்சு வந்தது. பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது, முருங்கை பூத்துப் பூத்துக் கொட்டிப் போவது, வாசலில் கோலத்தைக் கோழி கலைத்தது. பங்குனியில் ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, “இந்த வருஷம் வடாம் போடலடா, முட்டி மாடிப்படி ஏற விட மாட்டேங்குது” என்றார். வலி பல மாதங்களாக இருந்திருக்கிறது. எப்போதோ ஒருமுறை பேசும் மகனிடம் ‘கவலைப்படுவானே’ என்று அதைச் சொல்லியிருக்க மாட்டார். தினமும் பேசுகிறவனிடம் தானாக வாயில் வந்துவிட்டது. மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறார். நான்கு வரிகளில் எதற்காக இந்த ஆண்டு வீண் போகவில்லை என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இனி, பெரும்பாலான தீர்மானங்கள் ஏன் நடுவழியில் நிற்கின்றன என்ற கேள்வி. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ், புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் 77 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் மிஞ்சியவர்கள் 19 சதவீதம். இதைப் படித்துவிட்டு ‘மன உறுதி இல்லாதவர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது தவறு என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவரைப் பாருங்கள். நேற்று வரை பெட்டி பெட்டியாக சிகரெட் ஊதியவர், இன்று தொடுவதில்லை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், தரையில் பாய் விரித்துப் படுக்கிறார், வெறுங்காலில் நடக்கிறார். மண்டலம் முழுக்க இப்படித்தான். ரமலானில் ஒரு மாதம் பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உழைக்கிறவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். தவக்காலத்தின் 40 நாளும் அசைவத்தை ஒதுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்கள் யாரும் தனிப்பிறவிகள் இல்லை. அவர்களுடைய நோன்புக்கு முடிவு நாள் இருக்கிறது. கூட இருக்க ஆள் இருக்கிறார்கள். குருசாமியோ, சஹருக்கு எழுப்பிவிடும் வீட்டாரோ, உடன் நோன்பிருக்கும் குடும்பமோ. ஊருக்கும் தெரிகிறது: கழுத்தில் மாலையைப் பார்த்ததும் டீக்கடைக்காரர்கூட ‘சாமி’ என்கிறார், யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. டைரியில் தனியாக எழுதி மூடிவைத்த தீர்மானத்துக்கு இந்தத் துணை எதுவுமே கிடையாது.

மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய பழக்கம் திரும்பிவிடுகிறதே என்று கேட்கலாம். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது, உண்மை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது. தன் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்றுதான் அவர் கவனித்திருந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தபோது, ஒரு செயல் பழக்கமாக சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூட ஆகும் என்று கணக்கு காட்டியது. அதாவது, ஒரு மண்டலம் சிலருக்குப் போதும். பலருக்கு இன்னொரு மண்டலம் வேண்டும். அந்த ஆய்வில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்த முடிவு ஒன்று உண்டு: நடுவில் ஒரு நாள் தவறிப்போவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஒரு நாள் விட்டதற்காக முழுவதையும் கைவிடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிப் பார்ப்பதை ஒரு பயிற்சியாகவே செய்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிலடெல்பியாவில் இளம் அச்சகக்காரராக இருந்தபோது 13 நற்குணங்களைப் பட்டியலிட்டார். ஒரு சிறு நோட்டில் ஏழு நாளுக்கு ஏழு கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. பொருள்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது மட்டும் கடைசி வரை அவருக்குக் கைகூடவில்லை. முதுமையில் சுயசரிதை எழுதும்போது அதை மறைக்கவில்லை. நினைத்த முழுமையை எட்டவில்லை என்றாலும், முயன்றதாலேயே மேலான, மகிழ்ச்சியான மனிதனாக ஆனேன் என்ற பொருளில் எழுதினார். அந்தக் கட்டங்களில் எனக்குப் பிடித்தது அவற்றின் நேர்மை. புள்ளி என்பது தண்டனை இல்லை, தகவல்.

ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனின் கதை இன்னும் நெருக்கமானது. சீக்கிரம் எழ வேண்டும் என்று பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தீர்மானித்தார். மதியம் இரண்டு மணி வரைகூடப் படுக்கையில் கிடந்தவர், 1765இல் எட்டு மணிக்கு எழுந்தால் போதும் என்று இலக்கைத் தளர்த்திக்கொண்டார். அதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. தன் நிலையைப் பார்த்து இலக்கைத் திருத்துவதற்குத்தானே கணக்குப் பார்ப்பதே?

அடுத்த ஆண்டுக்கு நான் ஒரே ஒரு தீர்மானம்தான் எழுதப்போகிறேன். இரவு படுக்கப் போகும் முன், கூடத்து நாற்காலியில், பத்துப் பக்கம். பொங்கலிலிருந்து ஒரு மண்டலம். கணக்கு கேட்க மனைவியிடம் சொல்லியாயிற்று.

நீங்களும் இந்த வாரம் புது டைரியை எழுதத் தொடங்கும் முன் பழையதைத் திறந்து பாருங்கள். எழுதி வைக்கும் வழக்கம் இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். நீங்கள் ஜனவரியில் சொன்னது அவர்களுக்கு நினைவிருக்கும். நடந்ததை நடந்ததென்றும் நின்றதை நின்றதென்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றே ஒன்றை எடுத்து, நேரம், இடம், முடிவு நாள், கூட ஒருவர் என்று எழுதித் தொடங்குங்கள்.