பதினைந்து ஆண்டும் ஏழாம் வகுப்பும்

நிஜாமின் ஹைதராபாத்தில் அரசு உத்தியோகம் முல்கிகளுக்கே, அதாவது உள்நாட்டவருக்கே. 1919இல் உறுதிபெற்ற விதியின்படி, பிறப்பால் அந்த அரசின் குடிமகனாக இருப்பவர் முல்கி. முல்கியை மணந்த பெண்ணும் முல்கி. வெளியிலிருந்து வந்தவருக்கும் ஒரு வாசல் இருந்தது. 15 ஆண்டுகள் நிலையாகக் குடியிருந்து, பழைய ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டதாகப் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அவரும் உள்நாட்டவர் ஆகிவிடுவார்.

இன்று தெலங்கானாவில் அந்த வாசல் இல்லை. விண்ணப்பதாரர் 1ஆம் வகுப்பு முதல் 7ஆம் வகுப்பு வரை எங்கே படித்தார் என்பதற்குப் பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்த ஏழில் கூடுதலான ஆண்டுகள் எந்த மாவட்டத்தில் கழிந்தனவோ, அந்த மாவட்டத்துக்காரர் அவர். வளர்ந்தபின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த இடத்துக்கு வந்துசேர்ந்த வழி கரடுமுரடானது. 1948இல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைக்கப்பட்டபின், சென்னை மாகாணத்திலிருந்து அலுவலர்கள் ஏராளமாக வந்தார்கள். போலி முல்கிச் சான்றிதழ்கள் புழங்குவதாகப் புகார் எழுந்தது. 1952இல் மாணவர்கள் தெருவில் இறங்கி எழுப்பிய முழக்கங்களில் ஒன்று ‘இட்லி சாம்பார் கோ பேக்’. நம் காலை உணவுக்கு இப்படி ஓர் அரசியல் வரலாறும் உண்டு. செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

ஹைதராபாத்தின் தெலுங்குப் பகுதியான தெலங்கானா ஆந்திரத்தோடு இணைந்து 1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, 12 ஆண்டு வசிப்பு போன்ற பாதுகாப்புகள் தெலங்கானாவுக்கு உண்டு என்று இரு பகுதித் தலைவர்களும் செய்த கனவான்கள் ஒப்பந்தம் வாக்களித்தது. வசிப்பிடத்தைக் காட்டி வேலை மறுப்பதை அரசியலமைப்பு தடுக்கிறது; விலக்கு தரும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே. 1957இல் அது தெலங்கானாவுக்கு ஒரு தற்காலிக விலக்கைக் கொடுத்தது. அந்தப் பாதுகாப்புகள் மீறப்படுகின்றன என்ற கோபத்தில் 1969இல் தெலங்கானா கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, மாநிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் இப்படி நிபந்தனை வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1972இல் அதே நீதிமன்றம் நிஜாம் காலத்து முல்கி விதி செல்லும் என்றது. இப்போது ஆந்திரப் பகுதி கொந்தளித்தது.

இரு தரப்பையும் அடக்க 1973இல் ஆறு அம்சத் திட்டமும், அதன்வழி அரசியலமைப்பில் 371டி பிரிவும், 1975இல் குடியரசுத் தலைவரின் ஆணையும் வந்தன. கீழ்நிலை எழுத்தர் பணிகளில் 80 விழுக்காடு மாவட்டத்தாருக்கு. அதற்கு மேற்பட்ட நிலைகளில் 70, 60 என்று மண்டலத்தாருக்கு. உள்ளூர்க்காரர் யார் என்பதை வசிப்பைவிடப் படிப்பைக் கொண்டே தீர்மானிக்கும் வழக்கம் அப்போதுதான் வந்தது. அன்று பார்த்தது பத்தாம் வகுப்பில் முடியும் ஆண்டுகளை. 2018இன் புதிய ஆணை அதை ஏழாம் வகுப்பு வரையிலான ஆண்டுகளுக்கு இறக்கியது. நேரடி நியமனத்தில் உள்ளூர் ஒதுக்கீட்டை 95 விழுக்காடாக ஏற்றியது.

புதிய முறையில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பிரமாணப் பத்திரத்தில் மனத்தின் எண்ணத்தை எழுத வேண்டும். அதைச் சரிபார்க்க யாரால் முடியும்? பள்ளிப் பதிவேட்டைச் சரிபார்க்கலாம். செகந்திராபாத்தில் பள்ளிக்குப் போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் இந்தக் கணக்கில் உள்ளூர்ப் பிள்ளைதான். ஆனால் அதே ஊரில் ஆயுளெல்லாம் உழைத்த அந்தப் பிள்ளையின் தகப்பனார் வெளியாள். பிழைப்புக்காகப் பெற்றோர் சென்னைக்கு வந்ததால் இங்கே படித்துவிட்டுத் திரும்பும் கரீம்நகர்ப் பிள்ளையோ, சொந்த மண்ணில் மிச்சமிருக்கும் 5 விழுக்காட்டில்தான் போட்டியிட வேண்டும்.

தண்ணீர், நிதி, நியமனங்கள் என்ற மூன்றைக் கேட்டுத்தான் 2014இல் தனி மாநிலம் பிறந்தது. அப்போது 10 மாவட்டங்கள், இப்போது 33. மாவட்டம் சிறுக்க, ‘உள்ளூர்’ என்பதும் சிறுத்தது. 2021 டிசம்பரில் 317ஆம் அரசாணைப்படி ஊழியர்களைப் புதிய மாவட்டங்களுக்குப் பிரித்தபோது, பணிமூப்பை வைத்தே இடம் தந்தார்கள். இளைய ஆசிரியர்கள் பலர் சொந்த மாவட்டத்துக்கு வெளியே போக நேர்ந்தது. இம்முறை போராட்டத்தில் ஆந்திரர் யாரும் இல்லை. அடுத்த மாவட்டத்தில் தெலங்கானாக்காரரே வெளியூர்க்காரராக நின்றார்.